கேட்ட வடிவம் தரும் கண்ணாடி இழை

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் எழுதியது)

அரியாங்குப்பம் கொம்யூனில் வீராம்பட்டினம், நல்லவாடு முதலிய கடற்கரை ஊர்களின் மணற்பரப்பில் ஒரு தலைமுறைக்கு முன்பு கட்டுமரங்கள் நிறைந்திருந்தன. இன்று அங்கே வரிசையாக நிற்பவை வெள்ளையும் நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும் படகுகளாம். ‘பைபர் படகு’ என்று மக்கள் இவற்றை அழைக்கின்றனர். கடற்கரையோடு நின்றுவிடாமல் இப்பொருள் ஊருக்குள்ளும் புகுந்துவிட்டது. குளியலறைக் கதவு, தண்ணீர்த் தொட்டியின் மூடி, சாக்கடை மூடி, பள்ளிக் குழந்தைகளின் சறுக்குமரம், சாண எரிவாயுக் கலத்தின் மூடி எனப் பல உருவங்களில் இதனை நாம் காண்கிறோம்.

மரத்தின் குணத்தையும் இரும்பின் குணத்தையும் நம் மக்கள் நன்கு அறிவர். ஒரு பலகையைத் தட்டிப் பார்த்தே அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடும் பெரியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. இப்புதிய பொருளை வாங்குவோரில் பெரும்பாலோர் இதன் குணத்தை அறியார். விற்பவர் காட்டும் வடிவமே வடிவம், அவர் சொல்லும் கனமே கனம் என்று ஏற்றுக்கொள்கின்றனர். பஞ்சாயத்து வாங்குமிடத்துச் செலவாவது பொதுப்பணம். மீனவர் வாங்குமிடத்து அதனை நம்பிக் கடலுக்குச் செல்வது அவருடைய உயிர். ஆகையால் இப்பொருள் யாது, இதனைக்கொண்டு என்னென்ன வடிவங்கள் செய்யலாம், எங்கே ஏமாறக்கூடும் என்பவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

பொருள் புதிது, தத்துவம் பழையது

மண்சுவர் வைக்கும்போது சேற்றில் வைக்கோலை வெட்டிப்போட்டு மிதிப்பது நம் வழக்கம். வெறும் மண் காய்ந்தால் வெடிக்கும். வெறும் வைக்கோல் நில்லாது. இரண்டும் சேர்ந்தால் வெடிக்காத சுவர் கிடைக்கிறது. வைக்கோல் இழுவிசையைத் தாங்குகிறது. மண் அதனைக் கட்டிப்பிடித்து உருவம் தருகிறது. கண்ணாடி இழைப் பொருளின் தத்துவமும் இதுவே. வைக்கோலின் இடத்தில் கண்ணாடி நூல். மண்ணின் இடத்தில் ரெசின் என்னும் செயற்கைப் பிசின்.

நம் பகுதியிலேயே இதற்கு இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. திருக்கனூர்க் கைவினைஞர்கள் காகிதக் கூழையும் பசையையும் அச்சில் ஒற்றிப் பொம்மைகளும் உருவங்களும் செய்கின்றனர். அக்கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. இழையும் பசையும் சேர்ந்த ஒன்றை அச்சில் படியவைத்து, காய்ந்தபின் கழற்றியெடுப்பது அவர்களுடைய முறை. படகு கட்டுவோர் முறையும் அதுவேயாகும்.

கண்ணாடியை இழுத்து நீட்டும் தொழிலும் நமக்குப் புதிதன்று. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் வாணிகத்தில் சிறந்து விளங்கிய ஊர் அது. அங்கே கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. உருகிய கண்ணாடியை மெல்லிய நீண்ட குழலாக இழுத்து, அதனைத் துண்டு துண்டாக நறுக்கி அம்மணிகளைச் செய்தனர். இக்காலத்துத் தொழிற்சாலை அதே கண்ணாடியை இன்னும் மெல்லியதாக, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பருமனுள்ள இழையாக இழுக்கிறது. தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது அது. கையில் எடுத்தால் பட்டுப்போல் வளையும். ஆயினும் அவ்விழையின் இழுவலிமை, அதே பருமனுள்ள சாதாரண இரும்புக் கம்பியின் வலிமையைப்போல் பல மடங்காகும்.

வந்த வழி

கண்ணாடி இழையைப் பெருமளவில் செய்யும் முறை 1930-களில் அமெரிக்காவில் கண்டறியப்பெற்றது. அதனோடு பாலியெஸ்டர் ரெசினைச் சேர்த்து 1940-களில் படகுகளைச் செய்யத் தொடங்கினர். 1953-இல் ஒரு மோட்டார்க் காரின் உடற்பகுதி முழுவதும் இப்பொருளால் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது.

இவ்வரலாற்றில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியை இங்குக் கூறவேண்டும். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் நாற்காலி ஒன்றை வகுத்தனர். முதுகும் இருக்கையும் கைப்பிடியும் ஒரே ஓடாக அமைந்த நாற்காலி அது. முதலில் அதனைத் தகட்டால் செய்ய முயன்றனர். பின்னர்க் கண்ணாடி இழையே அதற்கேற்ற பொருள் எனக் கண்டு, 1950-இல் அதனை வெளியிட்டனர். நான்கு பலகைகளை இணைத்து ஆணியடிக்கும் வேலை அங்கே இல்லை; உடல் சாயும் வளைவையே பொருளும் பெற்றுவிட்டது. அதே தம்பதியரை இந்திய அரசாங்கம் அழைக்க, அவர்கள் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். அதன் விளைவாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. உலகிற்குப் புதுப்பொருளில் நாற்காலி வகுத்துத் தந்த அவர்கள் அவ்வறிக்கையில் பெரிதும் வியந்து போற்றியது யாதெனில், நம் வீடுகளில் புழங்கும் லோட்டா எனப்படும் செம்பு! அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

நம் கடற்கரைக்கு இப்பொருள் வந்ததில் வங்காள விரிகுடாத் திட்டத்திற்குப் பங்குண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் சார்பில் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அது தொடங்கிற்று. துறைமுகமின்றி அலையைக் கடந்து மணலில் ஏறவேண்டிய சிறு படகுகளுக்குப் புதிய வடிவங்களை அத்திட்டத்தார் வகுத்துச் சோதித்தனர். பின்பு 26-12-2004 அன்று ஆழிப்பேரலை வந்தது. இழந்த கலங்களுக்கு ஈடாகக் குறுகிய காலத்தில் ஏராளமான கண்ணாடி இழைப் படகுகள் கடற்கரையெங்கும் வழங்கப்பட்டன. அவசரத்தில் பல இடங்களில் செய்த அப்படகுகளின் தரம் ஒருபடித்தாக இருக்கவில்லை. நல்லனவும் இருந்தன, விரைவில் வெடித்தனவும் இருந்தன. இவ்வேறுபாட்டை வாங்குவோர் கண்ணால் கண்டு சொல்ல இயலாமற் போனதே அப்போது நாம் கற்ற பாடம்.

செய்யும் முறை

முதலில் வேண்டுவது அச்சு. அச்சின் உட்புறம் எவ்வளவு வழவழப்போ, பொருளின் வெளிப்புறமும் அவ்வளவு வழவழப்பாக அமையும். ஒட்டிக்கொள்ளாதிருக்க அச்சிற்கு மெழுகு பூசுவர். அதன்மேல் வண்ணம் கலந்த ‘ஜெல்கோட்’ என்னும் பூச்சை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்தில் பூசுவர். வெயிலையும் உப்புநீரையும் தடுக்கும் மேல்தோல் இதுவேயாகும். பிறகு, நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பாய்போல் பரப்பிச் செய்த ‘மேட்’ என்னும் விரிப்பை வைத்து, ரெசினைத் தோய்த்து, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவர். இவ்வாறு அடுக்கின்மேல் அடுக்காக வைக்கவேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒன்று ரெசினோடு சேர்ந்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் தரும்.

ரெசின் தானாக இறுகாது. கோபால்ட் கலந்த முடுக்கியும், நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை கேட்டலிஸ்ட் என்னும் ஊக்கியும் சேர்க்கவேண்டும். அளவு குறைந்தால் இறுகாமல் கொழகொழவென்று நிற்கும். மிகுந்தால் சூடேறி வெடிக்கும். மழைக்காலத்து ஈரம் இதற்குப் பகை. ஆகவே கூரையில்லாத வெளியில், மழை தூறும் நாளில் செய்த பொருளை நம்புதல் கூடாது.

இம்முறையில் வடிவமைப்போருக்கு நான்கு சலுகைகள் கிடைக்கின்றன. முதலாவது, வளைந்த வடிவமும் தட்டையான வடிவமும் ஏறக்குறைய ஒரே செலவில் ஆகும். மரத்தில் வளைவு என்றால் உழைப்பும் சேதமும் மிகுதி. இரண்டாவது, பல உறுப்புகளை ஒன்றாக வார்க்கலாம். இணைப்பு குறைந்தால் ஒழுக்கும் குறையும். மூன்றாவது, உழைப்பு மிகுந்த இடத்தில் அடுக்குகளைக் கூட்டி, மற்ற இடத்தில் குறைக்கலாம். ஒரே பலகையில் ஒருபுறம் கனமாகவும் மறுபுறம் மெல்லியதாகவும் மரம் கிடைப்பது அரிது. நான்காவது, இழுவிசை எத்திசையில் வருமோ அத்திசையில் நூல் ஓடும் நெசவு விரிப்பை வைக்கலாம். வைரம் ஓடும் திசையை மரத்தில் இயற்கை தீர்மானிக்கிறது. இங்கே நாமே தீர்மானிக்கிறோம்.

வலிமை வேறு, விறைப்பு வேறு

இக்கட்டுரையில் நினைவிற்கொள்ள வேண்டுவது ஒன்றே ஒன்றாயின், அது இதுதான்: இப்பொருள் எளிதில் அறுந்துபோகாது, ஆனால் எளிதில் வளையும். மேட் வைத்துச் செய்த பலகையின் விறைப்பு, இரும்பின் விறைப்பில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்கே ஆகும். ஆகவே விறைப்பைப் பொருளிடம் எதிர்பார்த்தலாகாது, வடிவத்தினின்றே பெறவேண்டும்.

இதனை நான் ஒரு தவற்றின் வாயிலாகவே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிற்றூரில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி செய்விக்க நேர்ந்தது. பழைய மரமூடி தட்டையாக இருந்தது. அதே அளவில் தட்டையாகவே கண்ணாடி இழையில் செய்யுமாறு எழுதிக்கொடுத்தேன். மூடி வந்தபோது பார்வைக்கு அழகாகவே இருந்தது. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் நடுவே குழிந்து, நீர் தேங்கி, கொசு முட்டையிட்டது. அதன்மேல் கால்வைத்த ஒருவருக்கு நல்வேளையாகக் காயம் ஏற்படவில்லை. மூடி மட்டும் வெடித்துவிட்டது. அங்கே தண்ணீர் பிடிக்க வந்த மூதாட்டி ஒருவர், “முறத்தைக் கவிழ்த்துப் போட்டாற்போல் போட்டிருக்கிறீர்களே ஐயா, உலைமூடியைப்போல் குவித்துச் செய்திருந்தால் தண்ணீர் வழிந்து போயிருக்குமே” என்றார். அவர் நினைத்தது மழைநீரை. ஆனால் பொறியாளர் கணக்கிட்டுப் பார்த்தபோது, குவிந்த மூடி நீரை வடிப்பதோடு சுமையையும் எளிதில் தாங்கும் என்பது தெளிவாயிற்று. விளிம்பைக் கீழ்நோக்கி மடித்து, உட்புறம் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வரம்புகள் வைத்துப் புது மூடி செய்தோம். பொருளின் அளவு ஏறக்குறைய முன்போலவே இருந்தது. இன்று அதன்மேல் ஆள் ஏறி நின்றாலும் அசைவதில்லை.

நம்மைச் சுற்றியுள்ள இயற்கையும் இதனையே போதிக்கிறது. பனையோலை மெல்லியது, ஆயினும் விசிறிபோல் மடிப்பு மடிப்பாக அமைந்திருப்பதால் காற்றில் நிமிர்ந்து நிற்கிறது. மடிப்பை நீக்கிப் பிரித்தால் தொங்கிவிடும். பனைமட்டை வாய்க்கால்போல் குழிந்திருப்பதனால்தான் அவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது. முட்டையோடு குவிந்திருப்பதால் வலியது. குவித்தல், மடித்தல், வரம்பு வைத்தல் ஆகிய இம்மூன்றும் கண்ணாடி இழைக்குரிய வடிவங்களாம். இவற்றோடு, இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே நுரைப்பொருளை வைத்து ஒட்டும் முறையும் உண்டு. ஒரு பலகையின் கனம் இருமடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது கணக்கு. நடுவில் எடையற்ற நுரையை வைத்துக் கனத்தைக் கூட்டுவது இக்கணக்கைப் பயன்படுத்தும் உபாயமேயாகும். குளியலறைக் கதவுகள் பல இம்முறையில் செய்யப்படுகின்றன.

மரப்படகும் இழைப்படகும்

பழைய பொருளின் வடிவத்தை அப்படியே புதிய பொருளில் பெயர்த்தெழுதினால் நேரும் தீங்கு படகில் இன்னும் தெளிவாகப் புலப்படும்.

கட்டுமரத்தின் மரம் நீரைவிட இலேசானது, தானே மிதக்கும். அலை புரட்டினாலும் கயிறு அவிழாதவரை அது மீனவரைத் தாங்கும். கண்ணாடி இழைப் பொருளோ நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடையுள்ளது. குடம் மிதப்பதுபோல் வெற்றிடத்தால் மிதக்கிறதேயன்றிப் பொருளால் மிதப்பதில்லை. நீர் புகுந்தால் மூழ்கும். ஆகவே கட்டுமரத்தில் இயற்கையாய் அமைந்திருந்த பாதுகாப்பை இதில் நாம் வடிவமைத்துச் சேர்த்தல் வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். படகின் உடல் 600 கிலோ எனக் கொள்வோம். அது நீரில் மூழ்கும்போது 400 லிட்டர் நீரை விலக்கும். ஆகவே நீருக்குள் அதன் எடை 200 கிலோ. எஞ்சின் 60 கிலோ இரும்பு எனில் நீருக்குள் அது ஏறத்தாழ 52 கிலோ. இரண்டையும் தாங்க 260 லிட்டர் அளவுள்ள நுரைக்கட்டியேனும் படகினுள் மூடிய அறைகளில் இருக்கவேண்டும். வலைக்காகவும், படகைப் பிடித்துக்கொண்டு உதவிக்குக் காத்திருக்கும் ஆட்களுக்காகவும் இன்னும் கூட்டவேண்டும். அந்நுரை அணியத்திலும் பின்புறத்திலும் விளிம்போரத்திலும் பிரிந்திருந்தால், கவிழ்ந்த படகு நேராக நிற்க உதவும். படகு வாங்குமுன், “மிதவை நுரை எங்கே, எத்தனை லிட்டர்?” என்று கேட்கத் தயங்கலாகாது. பலகையைத் தட்டிப் பார்த்தல் அக்காலத்துச் சோதனை; இக்கேள்வியே இக்காலத்துச் சோதனை.

மணலில் இழுக்கும் படகின் அடிவயிறு தேயும் என்பதும் தெரிந்ததே. அடிமுகட்டில் அடுக்குகளைக் கூட்டி, அதன்மேல் தேய்ந்தபின் மாற்றிக்கொள்ளக்கூடிய தனிப்பட்டை ஒன்றைப் பொருத்துவது நல்ல வடிவம். செருப்பு தேய்ந்தால் செருப்பை மாற்றலாம், கால் தேயலாகாது.

செம்பு கற்பிக்கும் கேள்விகள்

இப்போது ஈம்ஸ் தம்பதியரின் செம்புக்கு வருவோம். அச்செம்பை ஒருவர் ஒருநாளில் வகுத்துவிடவில்லை. பல தலைமுறைகளாகப் பயன்படுத்தியோரே அதனைச் சிறிது சிறிதாகத் திருத்தி அவ்வடிவிற்குக் கொண்டுவந்தனர் என்பதை அவர்கள் கண்டனர். நிரம்பியபோதும் வெறுமையாயிருக்கும்போதும் அதன் பாரம் எங்கே நிற்கிறது? விரல் எங்கே பற்றுகிறது? ஊற்றும்போது வாய் எவ்வாறு நீரை விடுகிறது? உட்புறம் துலக்கக் கை நுழையுமா? வெயிலில் சுடுமா? உடைந்தபின் அப்பொருள் என்னவாகும்? இத்தகைய கேள்விகளுக்கெல்லாம் செம்பின் வடிவத்திலேயே விடை இருக்கிறது.

புதுப்பொருளுக்கு அத்தனை தலைமுறைகள் இன்னும் வாய்க்கவில்லை. கட்டுமரத்தைத் திருத்த நம் முன்னோருக்குப் பல நூற்றாண்டுகள் கிடைத்தன. பைபர் படகிற்குச் சில பத்தாண்டுகளே ஆயின. ஆதலால் காலம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நாம் கூடியிருந்து கேட்கவேண்டியதாகிறது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒரு கதவு வாங்கும் தீர்மானம் வந்தால், அக்கதவை நாள்தோறும் திறந்து மூடும் பெண்மணியின் கருத்தைக் கேட்டல் வேண்டும். சறுக்குமரம் வாங்கினால், நண்பகல் வெயிலில் அது குழந்தையின் தொடையைச் சுடுமா என்று பள்ளி ஆசிரியரைக் கேட்டல் வேண்டும். எந்தக் கொள்முதல் பட்டியலிலும் இக்கேள்விகளுக்கு இடமிராது.

ஊருக்கு உகந்த சில உபயோகங்கள்

கடலோரக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே நம் கொம்யூனில் இப்பொருளுக்கு இயல்பாகவே இடமுண்டு.

சாண எரிவாயுக் கலத்தில் மிதக்கும் இரும்பு மூடிக்கு ஆண்டுதோறும் வர்ணம் பூசாவிடில் துருவேறி ஓட்டை விழும். கண்ணாடி இழை மூடிக்கு அக்கவலை இல்லை. குவிந்த வடிவமே அதற்கு வேண்டுவதாதலால் பொருளும் வடிவமும் இங்கே நன்கு பொருந்துகின்றன. ஆனால் இது இரும்பைவிட இலேசானது. போதிய வாயு அழுத்தத்திற்கு மேலே பாரம் வைக்கும் ஏற்பாடும் வடிவத்தில் சேர்ந்திருக்கவேண்டும்.

சாக்கடை மூடியை இரும்பில் போட்டால் பழைய இரும்புக்காகத் திருடிச் செல்வோர் உளர். கண்ணாடி இழை மூடியை எடைக்கு வாங்குவார் இல்லாமையால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். மாட்டுவண்டியும் டிராக்டரும் ஏறும் இடமா, ஆள் மட்டும் நடக்கும் இடமா என்பதைக் குறிப்பிட்டு, அதற்கேற்ற சுமைத் தரமுள்ளதையே வாங்கவேண்டும்.

உளுந்து, மணிலா முதலியவற்றைச் சேமிக்கும் கொட்டகையில், கூரையில் ஒன்றிரண்டு ஒளிபுகும் கண்ணாடி இழைத் தகடுகளைப் பதித்தால் பகலில் விளக்கு வேண்டா. நெளிவுள்ள தகடாக இருத்தல் அவசியம். நெளிவே அதன் விறைப்பு. கூரைமேல் ஏறுவோர் அத்தகட்டில் மட்டும் கால்வைத்தலாகாது.

கான்கிரீட்டில் இரும்புக்கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழைக் கம்பியும் இப்போது கிடைக்கிறது. எடை இரும்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, துருப்பிடிக்காது. ஆயினும் வேலையிடத்தில் அதனை வளைக்க இயலாது, விறைப்பும் இரும்பைவிட மிகக் குறைவு, தீயிலும் தாங்காது. இரும்புக்குப் போட்ட கணக்கையே இதற்கும் போடுதல் பெருந்தவறு. பொறியாளர் தனியே கணக்கிட்டுத் தந்த வரைபடமின்றி இதனை உபயோகிக்கலாகாது.

எடைபோட்டு வாங்குக

வாங்குவோருக்கு எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பும் 1 மில்லிமீட்டர் கனமும் உள்ள தகடு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். 2 சதுர மீட்டர் பரப்பில் 4 மில்லிமீட்டர் கனமுள்ள மூடி 12 கிலோ இருக்கவேண்டும். தராசில் 8 கிலோதான் நின்றால் அடுக்குகள் குறைந்துவிட்டன என்பது தெளிவு. எடை சரியாயிருந்தும் ஏமாறுவதுண்டு. ரெசினில் சுண்ணாம்புத் தூளை மிகுதியாகக் கலந்து எடையைக் கூட்டுவோர் உளர். இதற்காகத் துளையிட்டபோது வெட்டியெடுத்த துண்டைக் கேட்டு வாங்கிச் சோதனைச்சாலைக்கு அனுப்பலாம். அங்கே சூளையில் எரித்தால் ரெசின் போய்விடும்; கண்ணாடி இழை மிஞ்சும். மேட் வைத்துச் செய்ததில் எடையில் நூற்றுக்கு 30 பங்கு அளவில் இழை இருத்தல் வேண்டும். இழைக்குப் பதிலாகத் தூள் மிஞ்சினால் செய்தி விளங்கிவிடும்.

மறைக்கலாகாத குறைகள்

குறைகளைச் சொல்லாமல் குணங்களை மட்டும் சொல்வது முறையன்று. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். அதனையும் கோபால்ட் முடுக்கியையும் நேரே ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். முடுக்கியை முதலில் ரெசினில் கரைத்து, அதன் பின்னரே கேட்டலிஸ்ட்டைச் சேர்ப்பது விதி. ரெசினின் ஆவி தலைச்சுற்றலையும் எரிச்சலையும் உண்டாக்கும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூள் தோலையும் மூச்சையும் வருத்தும். கண்ணாடியும் கையுறையும் மூக்குக் கவசமும் காற்றோட்டமும் இல்லாத பட்டறையில் நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை செய்தலாகாது. ரெசின் தீப்பற்றும் பொருளாதலால் அடுப்பருகே இதற்கு இடமில்லை.

வெயிலில் நெடுநாள் கிடந்தால் ஜெல்கோட் மங்கி இழை வெளியே தெரியும். அப்போதே தேய்த்துப் புதுப்பூச்சு கொடுத்தால் பல ஆண்டு நிலைக்கும். வெடிப்பு கண்டால், அதன் இருபுறமும் சரிவாகத் தேய்த்து, புதிய அடுக்குகளை வைத்து ஒட்டவேண்டும். மேலே வர்ணம் பூசி மறைப்பது பயனற்றது.

எல்லாவற்றிலும் பெரிய குறை இறுதியில் வருகிறது. எடைக்கு வாங்குவார் இல்லை என்பதைச் சாக்கடை மூடிக்கு நற்குணமாகச் சொன்னோம். அதே காரணத்தால், உபயோகம் தீர்ந்த படகையும் ஏற்பாரில்லை. மரம் மக்கும்; இரும்பு உருகி மறுபிறவி எடுக்கும்; இறுகிய இப்பொருளை மீண்டும் உருக்க முடியாது. கைவிடப்பட்ட படகுகள் மணலில் கிடந்து இழை இழையாக உதிர்கின்றன. ஜெர்மனி முதலிய நாடுகளில் இத்தகைய கழிவைச் சிமெண்டுச் சூளையில் இடுகின்றனர். ரெசின் எரிபொருளாகிறது, கண்ணாடியின் மணற்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் சிமெண்டில் சேர்கின்றன. அவ்வசதி நம்மை எட்டும்வரை நாம் செய்யத்தக்கது, நீண்டநாள் உழைக்கும் பொருளையே செய்வித்தல், பழுது பார்த்துப் பார்த்து உபயோகித்தல், பழைய படகுகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்தல் ஆகியனவாம்.

முடிவுரை

மரம் தன் வடிவத்தை ஓரளவு தானே சொல்லும். மூங்கிலும் ஓலையும் அவ்வாறே. கண்ணாடி இழையோ ஊமைப் பொருள். கேட்ட வடிவத்தைக் கேட்டபடி தரும். நன்று கேட்டால் நன்று தரும். தவறாகக் கேட்டால் தவற்றையும் வழவழப்பாகவே தந்துவிடும். ஆகவே கேட்கும் பொறுப்பு நம்முடையது.

அடுத்த முறை பஞ்சாயத்தில் இத்தகைய பொருள் வாங்கும் தீர்மானம் வரும்போது, அங்கத்தினர்கள் ஐந்து கேள்விகளை எழுதிவைக்குமாறு வேண்டுகிறேன். இதனை நாள்தோறும் கையாள்பவர் யார், அவர் கருத்து யாது? விறைப்பு எங்கிருந்து வருகிறது? எத்தனை அடுக்கு, எவ்வளவு எடை? பழுதானால் ஊரிலேயே பார்க்கத் தெரிந்தவர் உண்டா? உழைத்து ஓய்ந்தபின் எங்கே போகும்? இவ்வைந்திற்கும் விடை பெற்று வாங்கிய பொருள் ஊருக்கு உதவும் என்பதில் ஐயமில்லை. அரிக்கமேட்டுக் கைவினைஞர் கண்ணாடியை அறிந்து இழுத்தனர். அது கடல் கடந்து பெயர் பெற்றது. நாமும் அறிந்து கேட்போமாக.